முன்தண்டு தூமெத்

“கடவுள் எல்லாருக்கும் ரெண்டு கால் குடுத்தாரு. எனக்கு மட்டும் ஒண்ணரை. மிச்ச அரையை எந்த அலமாரியில வெச்சிருக்காருன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

மத்தி மீன் தொழிற்சாலையில் மீன் தலை கிள்ளும்போது தூமெத் இதைச் சொல்லுவாள். ரொட்டிக் கடை வரிசையில் சொல்லுவாள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட முடியாமல் நின்றபடியே சொல்லுவாள். உள்ளேயிருந்து பங்குச் சாமியார், தொண்டையில் மீன்முள் சிக்கினவர் குரலில், “அது பாவம் இல்லம்மா, புகார். இங்க பாவம் மட்டும்தான் எடுத்துக்குவோம்” என்பார்.

“அப்ப புகாரை எடுத்துக்கற கூண்டு எந்தப் பக்கம் சாமி? தூரம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணரைக் கால்ல போகணும்.”

தூமெத் பிகூதென் கரைக்காரி. பாரிஸிலிருந்து வருகிற ரயில் களைத்துப்போய் நின்ற பிறகும் மேற்கே கொஞ்சம் ஃபிரான்ஸ் மிச்சமிருக்கிறதே, அந்தக் கடற்கரை. அங்கே ஒரு பெண் சாய்ந்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பு சரியாக உட்காராமலே பிறப்பது, அந்தக் குடும்பங்களில் மூக்கு நீளம் மாதிரி வருகிற சங்கதி. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும். அது போதாதென்று தலையில் முழ உயரத்துக்கு விறைப்பான வெள்ளை லேஸ் குல்லா. உடம்பு ஒரு விரல் சாய்ந்தால் குல்லா ஒரு சாண் சாயும். கடற்சுவரை ஒட்டி வருகிறவள் யாரென்று முகம் தெரியும் முன்பே குல்லா காட்டிக் கொடுத்துவிடும். தூமெத்தின் குல்லா இடப்பக்கம் ஆழமாக இறங்கும், அங்கேயே ஒரு நொடி நின்று யோசிக்கும், பிறகு சாவகாசமாக நிமிரும்.

“நான் நடந்து வர்றதைப் பாத்தா கடல் அமைதியா இருக்கற அன்னைக்கும் ஜனங்களுக்குத் தலை சுத்தும். கெனோலே என்னைக் கட்டிக்கிட்டதே அதுக்குத்தான். கரைக்கு வந்தாலும் படகுல இருக்கற மாதிரியே இருக்கும்ல?”

புருஷன் கெனோலே இறால் படகில் போய் வந்தவன். இப்படி அவள் சொல்லும்போதெல்லாம் அவன் புகையிலைக் குழாயைப் பற்றவைத்துக்கொள்வான். அவன் சிரிப்பது அப்படித்தான்.

இவ்வளவு கேலிக்கும் நடுவில் தூமெத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதை மட்டும் அவள் கேலி செய்ததில்லை. ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழா. மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, கோயிலிலிருந்து படகுத்துறை வரை நான்கு பெண்கள் தோளில் சுமந்து போவார்கள். நால்வருமே இடப்பக்கம் சாய்கிறவர்களாக இருக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். நான்கு பேரும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறினால்தான் மாதா நல்ல காற்றில் போகும் படகு மாதிரி ஆடிக்கொண்டு வருவாள். நேராக நடக்கிறவர்கள் சுமந்தால் அவள் சாமான் பெட்டி மாதிரி வருவாள். சாமான் பெட்டியைப் பார்க்கவா வீட்டு வாசலெல்லாம் கூட்டி, வழியெல்லாம் பூத் தூவுகிறார்கள்? “நம்ம மாதாவுக்கும் இடுப்பு சரியில்ல. அதான் நம்ம வலி அவங்களுக்குப் புரியுது” என்பார்கள் துறைமுகத்துப் பெண்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கோயில் வாசலில் தோளேற்றினால் துறையில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் சப்பரத்தை இறக்க வைத்தவள், அடுத்த வருஷத்திலிருந்து ஓரமாக மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

சப்பரத்தைத் தோளில் தாங்கும் நான்கு தண்டுகளில் இடது முன்தண்டு தூமெத்துடையது. அவளுக்கு முன்னால் அவள் அம்மாவுடையது. வலது முன்தண்டில் தபால்காரர் மனைவி நோனா. பின்தண்டுகளில் கோசெக் வீட்டு அக்காவும் தங்கையும்.

“எனக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது ஒரு புருஷன், ஒரு முன்தண்டு. புருஷனை யாரும் கேட்டு வர மாட்டாங்க” என்பாள் தூமெத்.

முன்தண்டைக் கேட்டு வர ஆள் இருந்தது. கெனோலேயின் தங்கை அஸெலின். அவளும் இடப்பக்கம்தான் சாய்வாள், ஆனால் லேசாக, குரல் எடுபடாத பாட்டுக்காரி மாதிரி. அவளுடைய உண்மையான திறமை வேறு. ஊரில் எந்தக் கல்யாணமானாலும், இரண்டு கோப்பை ஆப்பிள் கள் உள்ளே போனதும், மேசைகளை ஒதுக்கச் சொல்லி ஊரார் நடையை ஒவ்வொன்றாக நடந்து காட்டுவாள். சாமியார் நடை, மீன் ஏலக்காரன் நடை, கடைசியில் எல்லாரும் கத்திக் கேட்கிற “அண்ணி நடை”. தூமெத் முகத்தில் ஈ உட்கார்ந்ததுபோல் அசையாமல் இருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷத் திருவிழாவில் பாதி வழியிலேயே தூமெத்தின் இடுப்புக்குள் யாரோ சிப்பி உடைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு சிப்பி. தாடைக்குக் கீழே கட்டியிருந்த குல்லா நாடாவை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். எப்படியோ துறை வரை போய்ச் சேர்ந்தாள். இறக்கி வைத்தபோது நாடா இரண்டு துண்டு.

அஸெலின் பக்கத்தில் வந்து, “நாடா ருசியா இருந்துச்சா அண்ணி?” என்றாள்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள் தூமெத். வீட்டுக்கு வந்து கெனோலேயிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். “அடுத்த வருஷம் நடுத்தெருவுல இறக்கிருவேன்யா. எங்கம்மா பேரைக் கெடுத்துருவேன்.”

கெனோலே குழாயைப் பற்றவைக்கவில்லை. “கெம்பேர் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வந்திருக்காராம். இடுப்பையே மாத்துறாராம்.”

“மாத்துறாரா? அதென்ன சைக்கிள் சக்கரமா?”

ஆனாலும் போனாள். முன்தண்டுக்காகப் போனாள். வலி போக வேண்டும், தண்டு நிற்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

டாக்டர் ஒபெர் பாரிஸ்காரர், இளவயசு. மூக்கும் சேர்ந்து பேசுகிற குரல். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நல்ல லேஸ் துணி கையில் கிடைத்தவர் மாதிரிக் கண்ணை விரித்தார்.

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“பொறந்ததுலேர்ந்து.”

“எங்கேயாவது விழுந்தீங்களா?”

“எங்கம்மா வயித்துலேர்ந்து விழுந்தேன் டாக்டர். அப்புறம் விழல.”

“உங்கம்மாவுக்கும் இருந்துச்சா?”

“அவங்க அவங்கம்மாகிட்டேர்ந்து விழுந்தாங்க.”

டாக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். “எலும்பு முனை கிண்ணத்துலயே இல்ல பாருங்க. மேல ஏறிப் போய் அதுவா ஒரு பள்ளம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு. இவ்வளவு வருஷம் இதை வெச்சுக்கிட்டா நடந்தீங்க?”

“நடந்தேன்னு யார் சொன்னா? அது குடியிருந்துச்சு, நான் சுமந்தேன்.”

தேய்ந்த முனையை அறுத்துவிட்டு உலோக உருண்டை வைப்பேன், அது உட்கார பிளாஸ்டிக் கிண்ணம் வைப்பேன், இரண்டையும் சிமெண்ட் போட்டு இறுக்குவேன் என்று டாக்டர் விளக்கினார்.

“சிமெண்டா? எங்க துறைமுகச் சுவருக்கும் அதான் போட்டாங்க. மறுவருஷமே வாயைப் பொளந்துருச்சு.”

“அது வேற சிமெண்ட் அம்மா.”

“எங்க மேயரும் அதையேதான் சொன்னாரு.”

கால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்துவிடும் என்றும் டாக்டர் சொன்னார். தூமெத் தலையாட்டினாள். அங்கேதான் தப்பு நடந்தது. அந்தக் கரையில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவளுக்கு வலி என்பது நோய், நடை என்பது அவளே. நோயை எடுக்கும்போது நடையும் கூடவே போய்விடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கூட வந்த கெனோலேவுக்கும் தோன்றவில்லை. ஊரில் இதைக் கேட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. மூக்கில் சளி எடுத்தால் மூக்கே போய்விடுமா என்ன?

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கனம் தூக்கலாமா டாக்டர்?”

“கூடாது. என்ன கனம்?”

“ஒரு பொம்மை. மரப்பொம்மை. வருஷத்துக்கு ஒருதரம்.”

“பொம்மைதானே, தாராளமா.”

மாதாவைப் பொம்மை என்று சொன்ன பாவத்துக்கு வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆப்பரேஷன் அன்று காலையில் நர்ஸ் குல்லாவைக் கழற்ற வந்தாள். தூமெத் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இதைக் கழட்டிட்டா நான் யாருன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் இடுப்பை மட்டும் பாத்தவரு. வேற யாரோன்னு நெனைச்சுக் குடலை எடுத்துட்டாருன்னா?” கடைசியில் குல்லாவை ஒரு பாட்டில் மேல் மாட்டி அவள் கண்ணில் படும்படி வைத்து, தூங்க வைத்தார்கள்.

கண் விழித்தபோது இடுப்பில் கல்லைக் கட்டியதுபோல் இருந்தது. அந்த இலையுதிர் காலமும் குளிர்காலமும் ஊன்றுகோலோடு போயின. காலைக் குறுக்கே போடாதே, தாழ்ந்த நாற்காலியில் உட்காராதே, குனியாதே, மண்டியிடாதே. “இத்தனை வருஷம் மண்டியிட முடியலன்னு அழுதேன். இப்ப டாக்டரே கூடாதுன்னுட்டாரு. இனிமே நான் நிக்கறது திமிரு இல்ல, வைத்தியம்.” ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பயிற்சிக்காரப் பெண் அவளை நடக்கப் பழக்கினாள். வசந்தம் வந்ததும் ஊன்றுகோல் மூலைக்குப் போனது. வலி போயிருந்தது. சுத்தமாகப் போயிருந்தது. கடற்சுவர் ஓரமாக நடந்து போய், வலிக்காத சந்தோஷத்தில் அவள் ஒரு கடற்காகத்துக்கு வணக்கம் சொன்னதைப் பார்த்தவர்கள் உண்டு.

தொல்லை ஒவ்வொன்றாக வந்தது.

முதலில் பாவாடைகள். சாய்வுக்கு ஏற்ப ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் தையல்காரி தைத்தவை. இப்போது அவள் நேராக நின்றால் பாவாடை, காற்றில் பிய்ந்த படகுப் பாய் மாதிரித் தொங்கியது. அடுத்து சொந்த வீட்டு வாசற்படி. உள்ளே நுழையும் காலடி இத்தனை வருஷமும் இறங்கும் காலடி. குல்லா கதவு நிலைக்கு அடியில் தானாகவே வழுக்கிப் போய்விடும். இப்போது அவள் நிமிர்ந்தபடி நுழைந்தாள், குல்லா நிலையில் மோதி மடங்கிப் பின்னால் போய்விட்டது. “பாத்தியா, எனக்குக் கௌரவம் வந்ததும் வீடே சின்னதாயிடுச்சு” என்றாள் கெனோலேயிடம்.

பிறகு ரொட்டிக் கடை. கடைக்காரன் தூரத்திலிருந்தே பார்த்து, வெளியூர்க்காரர்களுக்கு வைத்திருக்கும் இனிப்புக் குரலில், “வாங்க மதாம், கடல் காத்து எப்படி இருக்கு? எங்கேர்ந்து வர்றீங்க?” என்றான்.

“உங்கம்மாவுக்குப் பேறு பாக்க வென்னீர் வெச்ச வீட்டுலேர்ந்து வர்றேன்டா” என்றாள் தூமெத்.

அவன் வாயைப் பிளந்தான். “தூமெத் அக்காவா! நேரா வந்தீங்களா, நான் பாரிஸ் ஆளுன்னு நெனைச்சுட்டேன்.”

வாங்கிய ரொட்டியை அன்று அவள் சாப்பிடவில்லை.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஒத்திகை. கோயில் முற்றத்தில் நால்வரும் தோள் கொடுத்து நடக்க ஆரம்பித்தார்கள். இடது காலில் மூவர் இறங்கினார்கள். தூமெத் இறங்கவில்லை. அவள் மூலை மட்டும் உயரத்திலேயே நிற்க, சப்பரம் பின்பக்கம் சரிந்து, மாதாவின் கிரீடம் கோசெக் அக்காவின் குல்லாவை நோக்கி வந்தது. அவள் “ஆத்தாடி!” என்று அலறினாள். மறுபடி நடந்தார்கள். மறுபடி மாதா ஏதோ மறந்துபோன மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“ஏய் தூமெத், எறங்குடி!” என்றாள் நோனா.

“எறங்கத்தான் பாக்கறேன்! கால் எறங்க மாட்டேங்குது!”

“தள்ளாடியாவது தொலையேன்!”

அப்போதுதான் தூமெத்துக்கு விஷயம் முழுசாக உறைத்தது. தண்டைக் காப்பாற்றப் போனவள் தண்டுக்கு வேண்டிய ஒரே தகுதியை அறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சாமியார் அருகில் வந்தார். சாவு வீட்டுக் குரல். “தூமெத், கடவுள் உனக்குச் சுகம் குடுத்திருக்காரு. சந்தோஷப்படு. இந்த வருஷம் தண்டு அஸெலினுக்கு—”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க சாமி. அன்னைக்குக் காலையில நான் சரியா எறங்கலேன்னா நானே அவ தோள்ல வைக்கறேன்.”

நேராக அஸெலின் வீட்டுக்குப் போனாள். அஸெலின் கொல்லையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“அஸெலின், எனக்கு நொண்டக் கத்துக் குடு.”

கத்தி நின்றது. “யாரை மாதிரி அண்ணி?”

“என்னை மாதிரி.”

“அது கஷ்டமான வேஷமாச்சே.”

“கல்யாணத்துக்குக் கல்யாணம் போடுறியே. நானும் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்.”

“நீங்க ஒருநாளும் சிரிச்சதில்ல.”

“உள்ள சிரிச்சேன்டி. குல்லா ஆடிக் காட்டிக் குடுத்துரும்னு மூச்சை அடக்கிக்கிட்டு.”

அஸெலின் ஒரு கிழங்கை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். “நீங்க நேரா நடந்தா தண்டு எனக்கு. நான் எதுக்குக் கத்துக் குடுக்கணும்?”

“தெரியும். கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா என் நடை எனக்கே மறந்துபோச்சு. உங்கிட்டதான் அது இருக்கு.”

அஸெலினுக்குத் தண்டின் மேல் ஆசை ஒரு பக்கம். ஊரிலேயே தான் ஒருத்திதான் ஒழுங்காகப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள் என்ற கர்வம் இன்னொரு பக்கம். கர்வம் ஜெயித்தது.

“நடந்து காட்டுங்க.”

தூமெத் நடந்தாள்.

“இது கள்ளுக்கடையிலேர்ந்து வர்ற மாலுமி. திரும்ப.”

நடந்தாள்.

“இது முள்ளு குத்தினவ. திரும்ப.”

நடந்தாள்.

“அய்யய்யோ, இது நோனா! அவளுக்குத் தெரிஞ்சா அடிப்பா. நகருங்க அண்ணி, நான் காட்டறேன்.” அஸெலின் ஏப்ரனை உதறிவிட்டு நடந்தாள். “பாருங்க, நீங்க எறங்கும்போது முகவாய், இந்த நாடி, மேல போகும். நான் ஒண்ணும் விழல, நானா மனசு வெச்சு எறங்கறேங்கற மாதிரி. அடியில ஒரு நொடி நிப்பீங்க. ஏறும்போது அவசரமே கிடையாது. ஊரே காத்துக் கிடக்குன்னு நெனைப்பு.”

தூமெத் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தன் நடையை அவள் எதிரிலிருந்து நிதானமாகப் பார்த்ததேயில்லை. கல்யாண வீடுகளில் மூச்சை அடக்குவதிலேயே கவனம் போய்விடும். எதிரே வந்தது அவள் அம்மா.

“இவ்ளோ திமிராவா நடந்தேன்?”

“இதைவிட ஜாஸ்தி. மரியாதைக்காகக் கொறைச்சுத்தான் பண்ணுவேன்.”

அந்த வாரம் முழுக்க கொல்லையில் பாடம் நடந்தது. “நாடி அண்ணி, நாடி!” என்ற சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. ஒருநாள் ஓய்வாக இருவரும் வெண்ணெய்ப் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது அஸெலின் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ரொம்ப வலிச்சுதா? அங்க?”

“முன்ன வலிச்சதுல பாதிகூட இல்ல.”

“பொய் சொல்லாதீங்க.”

“சரி, மொதல்ல வலிச்சுது. கட்டில்லேர்ந்து ஜன்னலுக்குப் போறது லூர்து யாத்திரை மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் காலையில எழுந்தா, வலியைக் காணோம். எங்க வெச்சேன்னு தேடினேன்.” தூமெத் நாத்தனாரின் கையைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாமலே அவள் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. “உனக்கு எப்பலேர்ந்து?”

“எனக்கென்ன? சும்மா கேட்டேன்.” கை மடிக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியார் முற்றத்தில் நின்று பார்த்தார். தூமெத் நாடியைத் தூக்கி இறங்கினாள், நின்றாள், ஏறினாள். சாமியார் பெருமூச்சு விட்டு, “இது பொய்யில சேருமான்னு எனக்குத் தெரியல, நான் யாரையும் கேக்கப் போறதும் இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பவனி புறப்பட்டது. முன்னால் ஊதுகுழல்காரர்கள், கொடிகள், நடுவில் மாதா. நான்கு குல்லாக்களும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. அஸெலின் மெழுகுவத்தியோடு தூமெத்தை ஒட்டியே நடந்தாள். பாட்டுக்கு நடுநடுவே பல்லிடுக்கில் பாடம். “கன்னி மரியே... எறங்கு... வாழ்க... ஏறு... நாடி அண்ணி... வாழ்கவே!”

வலி இருந்த காலத்தில் சாய்வதற்கு யோசனை வேண்டியதில்லை, உடம்பே வழிகாட்டியது. இப்போது ஒவ்வொரு அடியும் தூமெத் தலையிலிருந்து உத்தரவு போட வேண்டியிருந்தது. சந்தை மூலையில் ஊதுகுழல்காரர்கள் பாட்டை மாற்றினார்கள். ஒரு கணம் உத்தரவு தவறிவிட்டது. கால் நேராகப் போனது. மாதா சட்டென்று திரும்பி மீன்கடைப் பலகையைப் பார்த்தாள். பின்னால் கோசெக் தங்கை, “போச்சு!” என்றாள். அஸெலின் குரலை உச்சத்துக்குத் தூக்கி, தூமெத்தின் பாவாடை நுனியை ஒரே மிதியாக மிதித்தாள். தூமெத் இடப்பக்கம் இழுபட்டு இறங்கினாள். மாதா நேரானாள். கூட்டம் அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

துறை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில்தான் அந்தக் குரல் வந்தது. மூக்கும் சேர்ந்து பேசுகிற குரல்.

“மதாம் தூமெத்! நில்லுங்க!”

கெம்பேரிலிருந்து திருவிழாவுக்கு வராதவர் யார்? டாக்டர் ஒபெர் மனைவியோடு பலகாரக் கடை வாசலில் நின்றிருந்தார். தன் கையால் நிமிர்த்திய காலைத் தூரத்திலிருந்து அடையாளம் கண்டு, அது நொண்டுவதைக் கண்டு, அதன் மேல் ஒரு சப்பரமும் இருப்பதைக் கண்டு, கையிலிருந்த ஐஸை மனைவியிடம் தள்ளிவிட்டு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தார். தூமெத்துக்கு எதிரே பின்னோக்கி நடந்தபடி, “எப்பலேர்ந்து இப்படி? எங்க வலிக்குது? சிமெண்ட் விட்டுப் போச்சா? இறக்குங்க, தயவுசெஞ்சு இறக்கி வைங்க!” என்றார்.

சாமியார் திரும்பினார். “யாரும்மா இந்த ஆளு?”

“அண்ணி இடுப்புக்குச் சொந்தக்காரர் சாமி” என்றாள் அஸெலின்.

தூமெத்தால் பதில் பேச முடியாது. பேசினால் தாளம் போய்விடும். இறக்கினால் தண்டு போய்விடும். டாக்டர் முகத்தைப் பார்த்தால் அதுவும் தாங்கவில்லை. ராப்பகலாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய படகு, முதல் நாளே தண்ணீர் ஏறி அமிழ்வதைக் கரையிலிருந்து பார்க்கிறவன் முகம் அது. ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாடியைத் தூக்கினாள். இறங்கினாள், நின்றாள், ஏறினாள். டாக்டர் பின்னோக்கி நடந்து நடந்து, கொடிக்காரன் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கெஞ்சினார். கூட்டத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சப்பரம் துறைக்கல்லில் இறங்கியது.

டாக்டர் அங்கேயே கீழே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடிக்கப் போனார். தூமெத் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, துறையின் விளிம்பு வரை நேராக நடந்து, திரும்பி நேராக வந்து நின்றாள். குல்லா ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

“ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் ஆகல டாக்டர். கல்லு மாதிரி இருக்கு.”

அவர் எழுந்து, அண்ணாந்து மாதாவைப் பார்த்தார். “பொம்மைன்னு சொன்னீங்களே!”

“எவ்ளோ பெரிசுன்னு நீங்க கேக்கல.”

கெனோலே கூட்டத்துக்குள் குழாயைப் பற்றவைத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. “இது விளையாட்டு இல்லம்மா. இன்னும் ரெண்டு தடவை இப்படிச் சுமந்தீங்கன்னா கிண்ணம் ஆடிப் போயிரும். மறுபடி திறந்து வைக்கறது மொதல் தடவை மாதிரி இருக்காது.”

தூமெத் முன்தண்டைப் பார்த்தாள். அவள் தோளும் அவள் அம்மா தோளும் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் வழவழவென்றிருந்தது. உள்ளங்கையால் அதை ஒருமுறை தடவினாள்.

“சரி. நான் இறக்கி வைக்கல, துறைக்குக் கொண்டுவந்து சேத்துட்டேன். எல்லாரும் பாத்தீங்கல்ல? அடுத்த வருஷத்துலேர்ந்து அஸெலின்.”

அஸெலினின் மெழுகு அவள் கைமேலேயே சொட்டியது. “அண்ணி...” என்று இரண்டு அடி எடுத்து வைத்தாள். டாக்டரின் கண் சட்டென்று அவள் இடுப்புக்குப் போனது.

“இவங்களுக்கும் இடது பக்கம்—”

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்!” அஸெலின் பின்வாங்கினாள். “நான் சும்மா அண்ணியைப் பாத்து நடிக்கிறேன்!”

“புதன்கிழமை கூட்டிட்டு வர்றேன் டாக்டர்” என்றாள் தூமெத். “தண்டு தூக்கறவ நடிக்கவும் கத்துக்கணும், நேரா நடக்கவும் கத்துக்கணும். ரெண்டும் தெரிஞ்ச ஆள் இப்ப நான் ஒருத்திதான்.”

டாக்டருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. “கனத்தை விடுங்க. அது எனக்குப் புரியுது. நேரா நடக்கறதுக்கு எவ்வளவு பாடுபட்டோம்! ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்க நடையைச் சொல்லித்தான் பெருமைப்படுறேன். அப்படி ஒரு நடையைக் கையில வெச்சுக்கிட்டு, எதுக்கும்மா ஊரே பாக்க நொண்டினீங்க?”

தூமெத் குல்லா நாடாவைச் சரியாக முடிந்துகொண்டாள்.

“நீங்க குடுத்த நடை ரொம்ப நல்லா இருக்கு டாக்டர், தினமும் அதைத்தான் போட்டுக்கறேன், ஒரு குறை சொல்ல மாட்டேன், ஆனா திருவிழா அன்னைக்கு எங்கம்மா குடுத்ததைப் போட்டுக்கலேன்னா எனக்கு வீட்டை விட்டு வெளிய வந்த மாதிரியே இருக்காது.”